ஓமராமா காற்றும் அண்ணனின் துப்பாக்கியும்

சமையலறை மேசைமேல் பழைய துவாலை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு வேட்டைத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருந்தார் அண்ணன். ஒரு பக்கம் நீளமான குழல். இன்னொரு பக்கம் கட்டை, திருகாணிகள், தொலைநோக்கி. நடுவில் அண்ணி வைத்துவிட்டுப் போன இரண்டு தேநீர்க் குவளைகள்.

“பயப்படாத தம்பி. இதுல தோட்டாவும் இல்ல, போல்ட்டும் இல்ல. இப்ப இது வெறும் இரும்புக் குழாய்தான்,” என்றார்.

பயம்தான் எனக்கு. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவனுக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரரின் இடுப்பு, நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளி, அதைவிட்டால் சினிமா. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டவிரோதத் துப்பாக்கிக்கு மிகக் கடுமையான தண்டனைச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1973-லிருந்து. அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசைகூட வராத மாதிரிதான் நாம் வளர்ந்திருக்கிறோம். அப்படிப்பட்டவன் நியூசிலாந்துக்கு இரண்டு வார விடுமுறையில் போய், பெரியம்மா மகன் வீட்டுச் சமையலறையில் துப்பாக்கியின் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

அண்ணன் பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். பதினோரு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென்தீவில் குடியேறினார். கடற்கரை ஊரான திமாருவில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை. அங்கே கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வேட்டைக்குப் போகிறவர்கள். இரும்பை நூலிழை அளவுக்குக் கடையத் தெரிந்த மனிதருக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

“நாளைக்கு ஓமராமா போறோம். நான் சுடறதைப் பாக்க வேணாம். காத்தைப் பாரு, போதும்,” என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காற்று

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வருபவர்களுக்கு ஓமராமா சுமார் நான்கு மணி நேரப் பயணம். வழியில் தெக்காப்போ ஏரி. அதன் நீலத்தைப் படத்தில் பார்த்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். பனியாறு அரைத்த பாறைத்தூள் தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. கரையில் 1935-இல் கட்டிய சிறிய கல் தேவாலயம். அடுத்து புக்காக்கி ஏரி. வானம் தெளிவாக இருந்தால் ஏரியின் தலைமாட்டில் 3,724 மீட்டர் உயர அவோராக்கி, அதாவது மவுண்ட் குக், வெள்ளையாக நிற்கும். நாங்கள் போன அன்று நின்றது. அண்ணி காரை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பதினோரு வருடமாகப் பார்க்கிறாராம்.

ஓமராமா என்பது இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் சின்ன ஊர். ஒரு பெட்ரோல் நிலையம், சில உணவகங்கள், தங்கும் விடுதிகள். ஆனால் உலகத்தில் கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1995-இல் உலக கிளைடர் போட்டி இங்கேதான் நடந்தது. இயந்திரமில்லாத விமானம் மணிக்கணக்கில் மிதக்க வேண்டுமானால் காற்று வேண்டும். அந்தக் காற்று இங்கே ஊற்றெடுக்கிறது.

காரணம் எளிது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென்தீவின் முதுகெலும்பான மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போதே மழையை மேற்குப் பக்கம் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடாகி, வேகமாக வருகிறது. அந்த வடமேற்குக் காற்றை ‘நார்வெஸ்டர்’ என்கிறார்கள். மலையைத் தாண்டிய காற்று, ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர் மாதிரி அலையலையாக எழுந்து விழுகிறது. அந்த அலைகளின் உச்சியில் தோசையை அடுக்கி வைத்தாற்போல மேகங்கள். கீழே பொன்நிறப் புல்மேடுகள், மெரினோ ஆடுகள், மரமே இல்லாத மலைச்சரிவுகள்.

“இந்தப் புல்லு எல்லாம் எழுத்து தம்பி. படிக்கத் தெரியணும்,” என்றார் அண்ணன்.

மானுக்கு இங்கே என்ன வேலை?

வேட்டை என்றதும் நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. எனக்கும்தான். ஆனால் நியூசிலாந்தின் கதை வேறு. வௌவால்களைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை. மனிதன் கொண்டுவந்து விட்டவைதான் எல்லாம். சிவப்பு மான்கள் 1851 முதல் இங்கிலாந்திலிருந்து வந்தன. ‘சாமோய்ஸ்’ என்னும் மலையாடு 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கொடுத்த பரிசு. புலியோ ஓநாயோ இல்லாத ஊரில் இவை பெருகின. காட்டின் இளஞ்செடிகளையும் மலைப் பூக்களையும் மேய்ந்து தீர்த்தன. 1930-களில் அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆட்களை மலைக்கு அனுப்பி மான்களைச் சுடச் சொன்னது. அவர்கள் தோளில் இருந்தது .303 லீ என்ஃபீல்ட். நம் ஊரில் அவசரகாலத்தில் தோட்டங்களைக் காவல் காத்தவர்களின் கையிலும் அதே துப்பாக்கிதான்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது ‘தார்’ கதை. இமயமலைத் தார் 1904-இல் பெட்ஃபோர்டு பிரபுவின் அன்பளிப்பாக வந்து, மவுண்ட் குக் பக்கம் விடப்பட்டது. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 1993-இல் வகுத்த திட்டம் அதன் எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடும் ஆங்கிலத்தில் ‘நீலகிரி தார்’ என்றுதான் அழைக்கப்படுகிறது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இப்போது வரையாட்டைத் தனியாக வகைப்படுத்திவிட்டார்கள். பெயரால் உறவான இரண்டில் ஒன்றை நீலகிரியிலும் ஆனைமலையிலும் காப்பாற்றப் போராடுகிறார்கள். மற்றொன்றை இங்கே குறைக்கப் போராடுகிறார்கள்.

ஆகவே இங்கே வேட்டைக்குப் போகிறவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பள்ளி ஆசிரியர் போகிறார், தாதி போகிறார். சுட்ட மானின் இறைச்சி வீட்டு ஐஸ் பெட்டிக்குப் போகிறது.

அண்ணியிடம் கேட்ட கேள்விகள்

ஆனால் கடையில் போய்ச் சட்டென்று வாங்கிவிட முடியாது. பாதுகாப்பு வகுப்பு, தேர்வு, பின்னணிச் சோதனை. அதற்கும் மேலே, வீட்டில் இருக்கும் நெருங்கியவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

“என்கிட்ட கேட்டாங்க. இவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, வீட்ல சண்டை உண்டா, இவர் கையில துப்பாக்கி இருந்தா உனக்குப் பயமா இருக்குமான்னு,” என்றார் அண்ணி. “நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இவருக்கு லைசென்ஸ் கெடைச்சிருக்காது.” சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் பணிவாகத் தேநீர் குடித்தார்.

வீட்டில் இரும்புப் பெட்டி சுவரோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. போல்ட் தனியாக, தோட்டா தனியாக, வேறு பூட்டில். முதல்முறை உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான். 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றும் வேலையும் நடக்கிறது.

இந்தக் கெடுபிடி ஏன் மேலும் இறுகியது என்பதைக் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கிய முதல் நாளே பார்த்திருந்தேன். ஹாக்லி பூங்காவுக்கு எதிரே இருக்கும் அல் நூர் பள்ளிவாசல் வழியாகத்தான் அண்ணன் காரை ஓட்டினார். 2019 மார்ச் 15 அன்று அங்கும் லின்வூட் பள்ளிவாசலிலும் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு மலேசியச் சிறுவனும் உண்டு. அடுத்த சில வாரங்களிலேயே தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வேட்டைத் துப்பாக்கிகள் தொடர்ந்தன. பள்ளிவாசலைக் கடக்கும்போது அண்ணன் வானொலியை நிறுத்தினார். அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை.

பிரித்துப் போட்ட துப்பாக்கி

மேசைமேல் கிடந்தது ‘டிக்கா’. ஃபின்லாந்தில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. 6.5 கிரீட்மோர் என்னும் தோட்டாவுக்கானது. இந்தத் தோட்டா 2007-இல் அமெரிக்காவில் தூரத்து இலக்குப் போட்டிகளுக்காக உருவானது. குண்டு மெலிந்து நீண்டிருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். உதையும் குறைவு. போல்ட் அமைப்பு மட்டும் பழசு. ஜெர்மனியின் மவுசர் 1898-இல் செய்ததன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய போல்ட் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை.

வாங்கியபோது இது மலையில் தூக்கி நடக்கச் செய்த லேசான வேட்டைத் துப்பாக்கி. தூரத்து இலக்குக்கு ஏற்றதாக அதை மாற்றியது அண்ணனின் நான்கு வருட வேலை. முதலில் செய்தது தவறு என்று அவரே சொன்னார்.

“எல்லாரையும் மாதிரி நானும் மொதல்ல பெரிய ஸ்கோப்தான் வாங்குனேன். துப்பாக்கி விலையைவிட ஸ்கோப் விலை அதிகம். மாட்டிட்டுச் சுட்டா, குண்டு ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல போகுது. ரெண்டு மாசம் தோட்டாவைக் குறை சொன்னேன், காத்தைக் குறை சொன்னேன். கடைசியில பாத்தா ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்துல ஒரு ஸ்குரூ லூசு. நான் கடைசல்காரன் தம்பி. வெளிய சொல்லாத.”

இப்போது எழுதிவிட்டேன். மன்னிப்பாராக.

அதற்குப் பிறகுதான் வரிசைப்படி வேலை செய்திருக்கிறார். முதலில் கட்டை. தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் கட்டை லேசானது. முன்பக்கம் அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். ஏதாவது ஒன்று குழலைத் தொட்டால் அதிர்வு மாறிவிடும். தம்புராத் தந்தியில் விரல் பட்டால் சுருதி கெடுவது மாதிரி. அதனால் விறைப்பான கட்டை மாற்றினார். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி நுழையும் அளவுக்கு இடைவெளி. எனக்கு ஒரு ரசீதை நுழைத்து இழுத்துக் காட்டினார்.

அடுத்தது, துப்பாக்கியின் இரும்பு உடல் கட்டையில் உட்காரும் இடம். அங்கே எப்பாக்ஸிப் பசை ஊற்றி, இரும்பின் வடிவத்துக்கே அச்சாக உறையவைக்கிறார்கள். பல் கட்டுகிற மருத்துவர் அச்சு எடுக்கிறாரே, அதேதான். பிறகு இரும்பு அசைவதற்கு இடமே இல்லை. திருகாணிகளை இனி கைக்கணக்கில் முடுக்குவதில்லை. டார்க் ரெஞ்ச் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம்.

மூன்றாவது, கன்னம் வைக்கும் மேடு. கண் எப்போதும் தொலைநோக்கியின் நேர் பின்னால் வரவேண்டும். அண்ணனின் முகவாகுக்கு ஏற்ப அதை உயர்த்தியிருக்கிறார். கட்டையின் நீளமும் அவர் கைக்கு அளந்தது. “தையல்காரர்ட்ட சட்டை தைக்கிற மாதிரி. ரெடிமேட் சட்டை போட்டுட்டு ஓடலாம், ஆனா சிலம்பம் சுத்த முடியாது,” என்றார்.

பிறகு விசை. தொழிற்சாலை அனுமதிக்கும் அளவுக்குள் அதன் கனத்தைக் குறைத்திருக்கிறார். கனமான விசையை இழுக்கும்போது துப்பாக்கியே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அடுத்து, முன்பக்கம் மடக்கும் இரட்டைக்கால். குழல் முனையில் சத்தம் குறைக்கும் உருளை. நியூசிலாந்து வேட்டைக்காரர்கள் பலரும் இதை வைத்திருக்கிறார்கள், காதுக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் நல்லது என்று. சினிமாவில் வருவதுபோல ‘புஸ்’ என்று கேட்காது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் வானத்தில் சாட்டை சொடுக்கிய சத்தம் கேட்கும். காதுமூடி போட்டே ஆகவேண்டும்.

கடைசியில்தான் மறுபடி தொலைநோக்கி. அதன் மேலிருக்கும் குமிழைத் திருப்பினால் குறி மேலேறும். ஒவ்வொரு ‘கிளிக்’கும் ஓர் அளவு. தோட்டாவின் வேகத்தை ஒரு சின்னக் கருவியால் அளந்து, எத்தனை மீட்டருக்கு எத்தனை கிளிக் என்று அட்டவணை எழுதிக் கட்டையின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். எங்கள் பெரியம்மா மாவாட்டும்போது உளுந்து அளவை எழுதி வைத்த அதே குண்டு குண்டான எழுத்து.

குழலை மாற்றவில்லையா என்று கேட்டேன். “தொழிற்சாலைக் குழலே என்னைவிட நல்லா சுடுது. அதை எதுக்கு மாத்தணும்? தேய்ஞ்சா மாத்திக்கலாம்,” என்றார்.

ஐந்து குண்டு, ஒரு வெள்ளிக்காசு

பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய இடம். ஒரு காய்ந்த பள்ளத்தாக்கு, பின்னால் உயரமான மண்மேடு. குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான் போகும். அண்ணன் ஏழு பாதுகாப்பு விதிகளையும் என்னை ஒப்பிக்கச் சொன்னார். எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, எப்போதும் பாதுகாப்பான திசையில் பிடி, சந்தேகத்துக்கு இடமின்றி இலக்கை அடையாளம் காண் என்று அது போகிறது. ஒரு விதி தவறியது. மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்தார்.

100 மீட்டரில் அவர் ஐந்து குண்டு சுட்டார். காகிதத்தில் ஐந்து துளையும் நம் இருபது சென் காசுக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கம். மாற்றங்களுக்கு முன் இது மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் சிதறுமாம்.

“மூணு சென்டிமீட்டர் ஒண்ணும் மோசம் இல்லையே?” என்றேன்.

“நூறு மீட்டர்ல மோசம் இல்ல. அறுநூறுல அது ஆறு மடங்கு. பதினெட்டு சென்டிமீட்டர். மானோட இதயமும் நுரையீரலும் இருக்கிற எடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். துப்பாக்கியோட தப்புலயே தட்டு நெறைஞ்சுபோச்சு. அப்புறம் என் மூச்சுக்கு, காத்துக்கு, மானோட அசைவுக்கு எங்க எடம்?”

அவர் அருகிலேயே உட்கார்ந்து தோளைத் தொட்டபடி இருக்க, உரிமம் இல்லாத நானும் 300 மீட்டரில் ஒரு தடவை சுட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரும்புத் தகட்டின் ஓரத்தில் பட்டது. மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கை நடுங்கியதையும்.

பிறகு 600 மீட்டர். அங்கே ஒரு வெள்ளைத் தகடு, வெறும் கண்ணுக்கு அரிசி மாதிரி. அவ்வளவு தூரம் போவதற்குள் குண்டு சுமார் இரண்டரை மீட்டர் கீழே விழுந்துவிடுகிறது. அதைக் கிளிக் கணக்கில் சரி செய்யலாம். அட்டவணை பொய் சொல்லாது. காற்றுதான் சிக்கல். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று குண்டை முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். காற்றின் வேகத்தை ஐந்து கிலோமீட்டர் தவறாகக் கணித்தால் கால் மீட்டர் போச்சு. அந்தக் காற்றோ வழி முழுவதும் ஒன்றாக இல்லை. எங்கள் பக்கத்தில் புல் இடப்புறம் சாய்ந்தது. பள்ளத்தாக்கின் நடுவில் அசைவே இல்லை. தகட்டின் பக்கத்தில் வலப்புறம். நேற்று அவர் புல்லைப் படிக்கச் சொன்னது இப்போது புரிந்தது.

அண்ணன் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் சுடவே இல்லை. பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு சுட்டார். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... ‘டிங்’. குண்டு ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். சத்தம் திரும்பி வந்து சேர மொத்தம் இரண்டரை விநாடி. வானொலியில் இரண்டரை விநாடி அமைதி விழுந்தால் தயாரிப்பாளர் பதறிவிடுவார். அதைவிட நீளமான இரண்டரை விநாடியை நான் கேட்டதில்லை.

அடுத்த இரண்டும் தவறின. காற்று மாறிவிட்டது.

540 மீட்டரில் ஒரு கலைமான்

ஏப்ரல் மாதம் சிவப்பு மான்களுக்கு இணை தேடும் காலம். ஆண்மான்கள் கர்ஜிக்கும். நாங்கள் மாலையில் மேடேறி ஒரு பாறையின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச் சரிவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மாடும் கதவும் சேர்ந்து கத்துவது போல. தூரத்தை அளக்கும் கருவியில் பார்த்தார் அண்ணன். 540 மீட்டர்.

நான் அவரையே பார்த்தேன். சற்று முன் இதைவிடத் தூரத்தில் முதல் குண்டிலேயே அடித்த மனிதர். அதே துப்பாக்கி. மான் பக்கவாட்டில் தெளிவாக நிற்கிறது. அவர் தொலைநோக்கி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். துப்பாக்கியில் தோட்டாவே ஏற்றியிருக்கவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த மாதிரிதான். பொட்டை மான். ஐநூத்தி இருவது மீட்டர். அப்பதான் கட்டை வேலையெல்லாம் முடிஞ்சு, தகட்டுல தப்பாம அடிச்சுட்டு இருந்தேன். தலைக்கனம். சுட்டேன். குண்டு போயிட்டு இருக்கும்போதே அது ஒரு அடி எடுத்து வச்சிருச்சு. பட்டது, ஆனா பட வேண்டிய எடத்துல படல. எழுந்து முள்ளுப் பள்ளத்துக்குள்ள ஓடிருச்சு. இருட்டுற வரைக்கும் தேடுனேன். மறுநாள் பண்ணைக்காரர் நாயைக் கூட்டிட்டு வந்து தேடுனோம். மூணு எடத்துல ரத்தம். மான் கெடைக்கல.”

சற்று நேரம் பேசவில்லை.

“உங்க அண்ணிகிட்ட ஒரு வாரம் சொல்லல. அந்த வருஷம் மறுபடி மலைக்கு வரல.”

அதற்குப் பிறகு அவர் போட்டுக்கொண்ட கணக்கு இது. உயிருள்ளது என்றால் 250 மீட்டருக்குள். அதற்கு மேல் தூரம் என்றால் தகடு மட்டும்.

எல்லா வேட்டைக்காரர்களும் இதை ஏற்பதில்லை. செங்குத்துப் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும் தாரை நெருங்கவே முடியாத இடங்கள் உண்டு. அங்கே தேர்ந்தவர்கள் தூரத்திலிருந்தே சுடுகிறார்கள், சரியாகவும் சுடுகிறார்கள். அண்ணன் அவர்களைக் குறை சொல்லவில்லை. தன்னால் முடியாது என்றுதான் சொன்னார்.

“அப்புறம் எதுக்கண்ணே இவ்வளவு செலவு? நாலு வருஷ வேலை?”

“எரநூறு மீட்டர்ல ஒரே தோட்டாவுல முடியணும். அதுக்குத்தான். அறுநூறுல தகட்டைத் தப்பவிடறப்பதான் நமக்கு எவ்வளவு தெரியாதுன்னு தெரியுது. தகட்டுக்கு வலிக்காது.”

பிறகு நெருங்கிப் போக முயன்றோம். மேட்டின் பின்பக்கமாகச் சுற்றி, குனிந்து, சில இடங்களில் கையை ஊன்றி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். என் கால்சட்டை முழுக்க முள். இன்னும் ஒரு மேடு ஏறினால் 250 மீட்டருக்குள் வந்திருப்போம். அப்போது என் பிடரியில் குளிர்ச்சியாக ஏதோ தொட்டது. காற்று திரும்பிவிட்டது. எங்கள் வாசனை முன்னால் போயிற்று. மேட்டின் மேல் எட்டிப் பார்த்தபோது சரிவில் புல் மட்டும் இருந்தது.

எனக்கு ஏமாற்றம். அண்ணன் சிரித்தார். “அதான் சொன்னேனே, காத்தைப் பாருன்னு.”

தாத்தாவின் ஒற்றைக்குழல்

இரவு தங்கிய குடிசையில் அண்ணி வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய மான்கறிப் பிரட்டலைச் சுடவைத்தோம். சென்ற ஆண்டு மான். கொழுப்பே இல்லாத கறி. நிறைய மிளகு, சோம்பு போட்டு, வேகும் வரை மூடிவைத்துக் கடைசியில் தேங்காய்ப்பால் சுண்டவிட வேண்டும் என்பது அண்ணியின் கைப்பக்குவம்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து அப்பாவை அழைத்தேன். கெடாவில் அப்போது மாலை. நடந்ததைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

“உங்க தாத்தாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சே. ஒற்றைக்குழல். தோட்டத்துல பன்னி வெரட்ட, லைசென்ஸோட. நாப்பது அடிக்குள்ள வந்தாத்தான் சுடுவாரு. ஒரு தடவை குறி தப்பிக் காயம்பட்ட பன்னி செம்பனைக்குள்ள போயிருச்சு. ராத்திரி முழுக்க விளக்கு எடுத்துட்டுத் தேடுனாரு. விடிஞ்சு முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு. உங்க பெரியம்மா அப்ப சின்னப் பொண்ணு, வாசல்லயே உக்காந்திருந்துச்சு.”

பெரியம்மா இதை அண்ணனிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்க உள்ளே போனேன். அண்ணன் போல்ட்டை ஒரு பெட்டியில் பூட்டி, தோட்டாவை இன்னொன்றில் பூட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இல்லையே. அம்மா சொன்னதில்லையே,” என்றார். கையில் சாவியோடு அப்படியே நின்றார். “விடியிற வரைக்குமா தேடுனாரு?”

வெளியே எதிர்ச் சரிவில் மறுபடி அந்தக் கர்ஜனை. போன மான் திரும்பி வந்திருந்தது. இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம்.

போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து போய் உள்நாட்டு விமானம் மாறலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் விசாவுக்குப் பதில் மின்னியல் பயண அனுமதி பெற்றால் போதும். அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும் ஓமராமாவில் நிறைய இருக்கிறது. ஊருக்கு வெளியே களிமண் பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும் ‘கிளே கிளிஃப்ஸ்’ தனியார் நிலத்தில் இருக்கிறது, சிறு கட்டணம் உண்டு. பருவத்தில் கிளைடரில் பயணியாகப் பறக்கலாம். வெந்நீர்த் தொட்டிகளில் குடும்பத்தோடு நனையலாம். தெக்காப்போ, மவுண்ட் குக் பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம் என்பதால், மேகமில்லாத இரவில் பால்வீதியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். காலணியில் மண் இருந்தால் கழுவிக்கொண்டு போங்கள். அந்நிய விதை ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்பதில் அவர்கள் கறாரானவர்கள். மானையும் தாரையும் கொண்டுவந்து விட்டபின் கற்ற பாடம்.